ஒப்புக்கொடுக்க வேண்டியது நம் இதயத்தை, அடுத்தவர் உயிரை அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடைமுறையில் இருக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடியும் தறுவாயில், விசைப்படகுகளில் உடலில் அணியும் உயிர்காப்பு மிதவைகள் போதிய அளவில் இருப்பதில்லை என்று வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தங்கள் நாளிதழில் படித்தேன். அவர் சொன்ன குறை உண்மையானது. அதை மறுப்பதற்காக நான் எழுதவில்லை. ஆனால் அந்தக் குறைக்கு அவர் காட்டிய காரணத்தை ஏற்பதற்கில்லை. எங்கள் கடற்கரை மக்கள் எல்லாவற்றையும் கடவுளிடம் ஒப்புக்கொடுத்துவிட்டுக் கைகட்டி நிற்பவர்கள் என்றும், அந்த ஒப்புக்கொடுத்தலே அவர்களைக் கடலில் சாகடிக்கிறது என்றும், கோயிலுக்குச் செலவிடும் பணத்தில் பாதியை மிதவைக்குச் செலவிட்டால் போதும் என்றும் அவர் முடித்திருந்தார்.

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடைப்பட்ட ஒரு கடலோர ஊரில் நெடுங்காலமாக உபதேசியாராக இருப்பவன் நான். பங்குக்குருவானவர் வர இயலாத நாள்களில் செபமாலை சொல்வதும், இறந்தவர் வீட்டில் செபிப்பதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பதும் என் பணி. இறைவனிடம் இதயத்தை ஒப்புக்கொடுங்கள், அவருடைய பலத்தைச் சார்ந்திருங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்வதையே கடமையாகக் கொண்டவன் என்பதால், அந்தச் சொற்கள் எங்கே உயிர் தருகின்றன, எங்கே சாக்காகப் பயன்படுகின்றன என்பதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு உண்டு. அந்த வாசகர் பார்த்தது சாக்கை மட்டுமே என்பது என் கருத்து.

திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரம், கடல்தொழில் செய்கிறவர்கள் மற்றவர்களைவிட நன்றாக விளங்கிக்கொள்ளக்கூடிய பகுதி. புனித பவுலை, எங்கள் முதியவர்கள் வழக்கில் சொன்னால் சின்னப்பரை, கைதியாக உரோமைக்குக் கப்பலில் கொண்டுபோகிறார்கள். பருவம் தப்பிவிட்டது, இப்போது புறப்பட்டால் சரக்குக்கும் கப்பலுக்கும் மட்டுமல்லாமல் உயிருக்கும் கேடு வரும் என்று அவர் எச்சரிக்கிறார். கைதிகளுக்குக் காவலாக வந்த படை அதிகாரியான நூற்றுவர் தலைவனோ அவர் பேச்சைக் கேளாமல், கப்பலோட்டியும் கப்பல் உரிமையாளரும் சொன்னதைக் கேட்டுக் கப்பலைச் செலுத்த விடுகிறான். பிறகு வாடைக் காற்று அடித்து, பல நாள் சூரியனும் விண்மீன்களும் தெரியாமல், பிழைப்போம் என்ற நம்பிக்கையே எல்லாருக்கும் அற்றுப்போகிறது. அந்த நிலையில்தான் பவுல் தமக்குக் கிடைத்த வாக்கை அறிவிக்கிறார்: கப்பல் அழியும், ஆனால் ஓர் உயிரும் போகாது.

இறைவனே வாக்குக் கொடுத்துவிட்டார், இனி என்ன வேலை என்று யாரும் படுத்துவிடவில்லை என்பதை அந்த வாசகர் கவனிக்க வேண்டும். பதினான்காம் இரவு கரை நெருங்குவதாகத் தோன்றவே, மாலுமிகள் குண்டுநூல் இறக்கி ஆழம் பார்க்கிறார்கள். கடலாழத்தை அளக்கும் பாகக் கணக்கில் இருபது பாகம் காட்டுகிறது. சற்றுத் தூரம் போய் மறுபடி இறக்கினால் பதினைந்து பாகம். பாறையில் மோதுவோமோ என்று அஞ்சிக் கப்பலின் பின்புறமான பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கிவிட்டு, எப்போது விடியும் என்று வேண்டிக்கொண்டு கிடக்கிறார்கள். அந்த இருட்டில் சில மாலுமிகள் முன்னணியத்தில் நங்கூரம் இறக்குவதுபோல் பாசாங்கு செய்து, சிறு படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பப் பார்க்கிறார்கள். பவுல் உடனே நூற்றுவர் தலைவனிடம், இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க முடியாது என்று சொல்லிவிடுகிறார். ஓர் உயிரும் போகாது என்ற வாக்கைப் பெற்றவரே, தொழில் தெரிந்த ஆள் இல்லாமல் கரை சேர முடியாது என்கிறார். அதன் பிறகு எல்லாரையும் சாப்பிடச் சொல்லி, தாமே அப்பத்தை எடுத்து, எல்லார் முன்னிலையிலும் கடவுளுக்கு நன்றி கூறி உண்கிறார். கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதித்தார்கள். மற்றவர்கள் பலகைகளையும் உடைந்த கப்பலின் துண்டுகளையும் பற்றிக்கொண்டு மால்தா தீவில் கரையேறினார்கள். வாக்கு நிறைவேறிய விதம் அதுதான். பலகையைப் பிடித்துக்கொண்டு கரையேறியவனை விசுவாசம் குறைந்தவன் என்று அந்த நூலில் யாரும் சொல்லவில்லை.

பவுல் அங்கே ஒப்புக்கொடுத்தது தம் அச்சத்தையும், தாம் விரும்பிய முடிவையும், அதாவது தம் இதயத்தை. மற்ற 275 பேருடைய உயிரை அவர் ஒப்புக்கொடுக்கவில்லை. அவர்களுக்காக விழித்திருந்தார், எச்சரித்தார், அவர்களை உண்ண வைத்தார். புறப்படும் நாளில் எல்லாருடைய உயிரையும் ஒரு வார்த்தையில் விதியிடம் விட்டவர்கள் என்று யாரையாவது சொல்வதானால், சரக்கையும் நாள்கணக்கையும் பார்த்த அந்த உரிமையாளரையும் கப்பலோட்டியையும்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் கரைக்கு வருகிறேன். படகில் ஏறுகிறவர்களின் தலைக்கணக்குக்கு மிதவை இல்லாமலே, "ஆண்டவர் பார்த்துக்கொள்வார், போய்ட்டு வாங்க" என்று அனுப்பும் படகுக்காரர் இறைவனைச் சார்ந்திருப்பவர் ஆகமாட்டார். அவர் கரையில் நிற்கிறார். ஒப்புக்கொடுப்பது வேறொருவருடைய பிள்ளையை. தன் நெஞ்சைத் தவிர வேறெதையும் காணிக்கைத் தட்டில் வைக்க அவருக்கு உரிமை கிடையாது. அதே சமயம், படகுக்காரர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நியாயம் ஆகாது. டீசல், ஐஸ், வலை என்று எல்லாவற்றுக்கும் கடன்பட்டுத்தான் அவர்களில் பலர் தொழிலை ஓட்டுகிறார்கள். மிதவையை வாங்கிப் போட்டாலும், வலை இழுக்க இடைஞ்சலாக இருக்கிறது, புழுங்குகிறது என்று கழற்றிப் படகின் அறைக்குள் எறிந்துவிடும் இளைஞர்களும் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களில் கோயில் பக்கமே வராதவர்கள் பலர். ஆகவே பழியைப் பக்தியின் மேல் போடுவது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

தம் வாதத்துக்கு உதவியாக அந்த வாசகர் இன்னொன்றும் எழுதியிருந்தார்: சரணடைவது வலுவற்றவர்களின் வழி, அதனால் எதுவும் நடப்பதில்லை என்று. சரணாகதியைப் பற்றி இந்த மாவட்டத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர், திருப்புல்லாணிக்கு ஒருமுறை போய் வந்து எழுதியிருக்கலாம். நான் கத்தோலிக்கன், ஆயினும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டறிந்ததை எழுதுவதில் தவறில்லை என்று எண்ணுகிறேன். இலங்கைக்குச் செல்ல வழிவிடும்படி கடலரசனை வேண்டி இராமன் தர்ப்பைப் புல்லின்மேல் மூன்று நாள் கிடந்த தலம் அது. தர்ப்பசயன இராமரை அங்கே இன்றும் வணங்குகிறார்கள். மூன்று நாளும் கடல் அசையவில்லை. வில்லை எடுத்த பிறகே கடலரசன் வந்தான். அதற்கு முன்பே, மனைவி மக்களையும் செல்வத்தையும் இலங்கையில் விட்டுவிட்டு வந்து நின்ற வீடணனை, சுக்கிரீவன் சந்தேகப்பட்டபோதும் இராமன் ஏற்றுக்கொண்டான். இராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போகும் வழியில் இருக்கும் கோதண்டராமர் கோயில், அந்த அடைக்கலத்தின் நினைவாகப் போற்றப்படுகிறது. இந்த இரண்டு சரணாகதிகளில் ஒன்று பலித்து மற்றது பலிக்காமல் போனதற்கு வைணவப் பெரியோர் ஒரு விளக்கம் சொல்வதுண்டு: இயலாதவன் வல்லவனிடம் சரணடைய வேண்டும்; இராமன் இயலாதவனும் அல்லன், கடல் வல்லதும் அன்று. கடலையே கும்பிட்டுக் கடலையே நம்பிக் கிடப்பது வேறு, கடலுக்கும் மேலான ஒருவரைச் சார்ந்திருப்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

"நடக்கிறதா, நடக்கவில்லையா" என்று கேட்பவர்கள் அந்த வாசகரைப் போன்றவர்கள் மட்டும் அல்லர். மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஒப்புக்கொடுத்தால் கடன் தீரும், வலை நிறையும், வழக்கு வெல்லும் என்று முழங்கும் எங்கள் ஆள்களும் அதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒருவர் பலன் இல்லை என்கிறார், மற்றவர் பலன் உண்டு என்கிறார். இரண்டு பேருக்கும் ஒப்புக்கொடுத்தல் என்பது ஒரு கொடுக்கல் வாங்கல். நல்ல மீன்பாடு கிடைத்தால் இத்தனை மெழுகுவர்த்தி, படகு விடுதலையானால் இவ்வளவு காணிக்கை என்று நேர்ந்துகொள்வதைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை, அது எளிய மக்களின் பாசம். ஆயினும் நேர்ச்சையில் நிபந்தனை இருக்கிறது. இதயத்தை ஒப்புக்கொடுப்பதில் நிபந்தனையையே கொடுத்துவிட வேண்டியிருக்கிறது. ஓரியூருக்கு நடந்து போகிறவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. லிஸ்பனில் பிறந்து இந்த மண்ணுக்கு வந்த புனித அருளானந்தர், 1693 பிப்ரவரி 4ஆம் நாள் அங்கே தலை வெட்டப்பட்டு இறந்தார். அவரை வாளிலிருந்து எந்த அற்புதமும் காப்பாற்றவில்லை. காப்பாற்றப்படாத ஒருவரிடம் போய்த்தான் நம்மைக் காப்பாற்றும்படி கேட்கிறோம். கேட்கலாம், தாராளமாகக் கேட்கலாம். கேட்கும்போது யாரிடம் கேட்கிறோம் என்பது நினைவில் இருந்தால் கேட்கிற தொனி மாறும்.

தப்பித்தவர்களைக் காட்டி இறைவனின் கணக்கை எழுதப் பார்ப்பதில் இருக்கும் ஆபத்தை எங்களுக்குத் தனுஷ்கோடி கற்றுக்கொடுத்திருக்கிறது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் ரயிலே கடலுக்குள் போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கோதண்டராமர் கோயில் நின்றது; எங்கள் மாதாவின் பிள்ளைகள் செபித்த கோயில் கூரையிழந்து சுவராக இன்றும் நிற்கிறது. நின்றதை வைத்து ஒரு தீர்ப்பும் இடிந்ததை வைத்து ஒரு தீர்ப்பும் எழுதத் துணிகிறவர், அந்த ரயிலில் இருந்தவர்களுக்கு என்ன பதில் சொல்வார்? 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, இராமநாதபுரம் கரையில் இழப்பு மிகக் குறைவாக இருந்ததற்கு இலங்கைத் தீவு குறுக்கே கிடந்ததே காரணம். அதற்காக நாங்கள் நன்றி செலுத்தினோம், செலுத்தவும் வேண்டும். எங்கள் செபம் நாகப்பட்டினத்தார் செபத்தைவிட உயர்ந்தது என்று சொன்னால் அது நன்றி ஆகாது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்காக வேளாங்கண்ணிக்குப் போனவர்கள் மறுநாள் காலையில் அந்தக் கடற்கரையில் மடிந்தார்கள். அவர்களும் ஒப்புக்கொடுத்தவர்களே.

அப்படியானால் இறைவனுடைய பலத்தைச் சார்ந்திருப்பது என்றால் என்ன, அதைக் கண்ணால் காண முடியுமா என்று கேட்டால், முடியும் என்பேன். கணவன் எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்பட்டு யாழ்ப்பாணத்துச் சிறையில் இருக்கிறான்; படகு பறிமுதலாகிவிட்டது; வீட்டில் வயதான மாமியாரும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும். அப்படிப்பட்ட பெண்கள் எங்கள் கரையில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். விடியுமுன் எழுந்து கருவாட்டு வேலைக்கோ மீன் கம்பெனிக்கோ போகிறார்கள். திங்கட்கிழமை மனுவை எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறார்கள். மாலையில் செபமாலைக்கு வந்து அமர்கிறார்கள். "எனக்குத் தெம்பே இல்லைங்க, அவர்தான் நடத்துறார்" என்று அவர்கள் சொல்லும்போது அதில் மேடைப் பேச்சின் சாயல் துளியும் இல்லை. அவர்களுக்குப் பலம் வந்துவிட்டதாகத் தோன்றுவதில்லை. தெம்பு இல்லாமலே அடுத்த நாளும் எழுந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். பவுல் தம் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி மும்முறை மன்றாடியும் அது எடுக்கப்படவில்லை, "என் அருள் உனக்குப் போதும், வலுவின்மையில்தான் வல்லமை நிறைவாய் வெளிப்படும்" என்ற பதிலே கிடைத்தது. முள் இருந்துகொண்டே இருந்தது என்பதைப் பிரசங்கிகள் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

இந்தப் பெண்கள் கைகட்டி நிற்பவர்கள் என்று அந்த வாசகர் கருதினால், அவர்கள் மறியலில் உட்காரும் நாளில் வந்து பார்க்கட்டும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா எங்களுக்கு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் 2024ஆம் ஆண்டில், எங்கள் மீனவர்களுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து, அந்தத் திருவிழாவையே இராமேஸ்வரம் மீனவர்கள் புறக்கணித்தார்கள். அந்தோணியார்மேல் கொண்ட நம்பிக்கை குறைந்துவிட்டது என்று அன்று ஒருவரும் நினைக்கவில்லை. ஒப்புக்கொடுத்த இதயம் ஊமையாகிவிட வேண்டும் என்று எந்த மரபும் சொல்லவில்லை. இதே மாவட்டத்து உத்தரகோசமங்கையில் மாணிக்கவாசகர் பாடிய நீத்தல் விண்ணப்பத்தில், என்னைக் கைவிட்டுவிடாதே என்று ஐம்பது பாடல்களிலும் விடாமல் மன்றாடுகிறார். ஆட்கொள்ளப்பட்டவர்தாம் அப்படி அழுகிறார். கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவும் முதலில் அந்தத் துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டும் என்றே கேட்டார். உம் விருப்பப்படியே ஆகட்டும் என்பது அதற்குப் பின்னர்தான் வந்தது. ஆகவே, கடலுக்குப் போனவன் திரும்பாத வீட்டில், உடல் கரைக்கு வந்து சேருமுன்பே போய் "ஒப்புக்கொடுத்துவிடுங்கள் அம்மா" என்று சொல்வதை என்னோடு செபிக்க வரும் இளைஞர்களுக்கு நான் அனுமதிப்பதில்லை. அந்தச் சொல்லை அந்தத் தாய்தான், அவளுக்கு வரும் நேரத்தில், சொல்ல வேண்டும். நம் வேலை அடுப்பைப் பற்றவைப்பதும், உடன் இருப்பதும், தேடுதல் படகுக்கு டீசல் போதுமா என்று பார்ப்பதும்.

பிறர் உயிரை நாம் ஒப்புக்கொடுக்க முடியாது என்பதற்கு இந்தக் கரை கொடுத்த விலையைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், தர்காவுக்குப் பேர்போன எங்கள் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகி இறந்தார்கள். இதை ஒரு மதத்தின் கணக்கில் எழுதுகிறவர்கள் உண்மை அறியாதவர்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேறுபாடு இன்றி எல்லாக் குடும்பத்தாரும் தங்கள் நோயாளிகளை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். புனிதமான இடத்தில் விட்டுவிட்டோம், இனி இறைவன் பார்த்துக்கொள்வான் என்ற நிம்மதியோடு ஊர் திரும்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவனை நம்பட்டுமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பு என்று நபிகள் நாயகம் கூறியதாக எங்கள் கீழக்கரை நண்பர்கள் சொல்வார்கள். ஏர்வாடியில் கட்டப்பட்டவர்களோ மனிதர்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே தலையிட்டது, காப்பகங்கள் மூடப்பட்டன, பின்னாளில் அந்தத் தர்காவுக்கு வருகிறவர்களுக்குப் பிரார்த்தனையோடு மனநல மருத்துவமும் கிடைக்க ஏற்பாடு செய்யப்பட்டது. மாத்திரையை விழுங்கிவிட்டு துஆ என்னும் பிரார்த்தனை கேட்கும் அந்த நோயாளி, பலகையைப் பற்றிய மால்தாக் கப்பல் பயணியைப் போலவே, தன் பங்கைச் செய்துவிட்டுத் தன் நெஞ்சை இறைவனிடம் தந்தவர்தான்.

மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கப் போகும் பெண்களும் வத்தை என்னும் சிறு படகில் ஏறியதும் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள், அல்லது காளியம்மனைக் கூப்பிடுகிறார்கள்; அடுத்து விரல்களில் துணியை இறுகச் சுற்றிக்கொள்கிறார்கள், பாறை கிழிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால், எவ்வளவு செபிக்கிறவராக இருந்தாலும் எங்கள் ஊரில் யாரும் நாட்டுப்படகை அவிழ்ப்பதில்லை. அந்த வாசகர் நினைக்கும் மூடபக்தியை இவர்களிடம் நான் தேடிப் பார்த்தும் காணவில்லை.

ஆகவே, கோயில் காணிக்கையைக் குறைத்து மிதவை வாங்கலாம் என்ற அவருடைய யோசனைக்குப் பதிலாக வேறொன்றை முன்வைக்கிறேன். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலில் இறங்கும் முன் பங்குக்குருவானவரை அழைத்துப் படகு மந்திரிப்பது, அதாவது செபித்து ஆசீர்வதிப்பது, எங்கள் ஊர்களில் வழக்கம். மற்ற சமயத்தவரும் தங்கள் முறைப்படி பூசையும் பாத்திஹாவும் செய்கிறார்கள். அந்த நாளில் படகின் தளத்தில், ஏறப்போகிற ஒவ்வோர் ஆளுக்கும் ஒன்றாக, மிதவைகளை எடுத்து வைக்கும்படி மந்திரிக்க வருபவரே கேட்கட்டும்; வலைக்கும் எந்திரத்துக்கும் தீர்த்தம் தெளிக்கும்போது அவற்றின்மேலும் தெளிக்கட்டும். தலைக்கணக்குக்குக் குறைந்தால், குறைந்ததை வாங்கிய பிறகு மந்திரிக்கலாம் என்று சொல்லட்டும். மீன்வளத்துறை கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கும்போது கேட்பதைவிட, சாமியார் கேட்டால் எங்கள் படகுக்காரர்கள் கூடுதலாகக் கூச்சப்படுவார்கள் என்பது என் அனுபவம்.

இக்கடிதத்தைத் தடைக்காலம் முடிவதற்குள் வெளியிட இயலுமானால் நன்று. இடம் இல்லாமல் தள்ளிப்போனால், ஐப்பசியில் வாடை திரும்புவதற்கு முன்பாவது வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகரான ஓர் உபதேசியார்,
பாம்பன் வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்.